இருத்தலியலும் எங்கள் அன்பியமும்

"சீரியலுக்கு நடுவுல வர்ற விளம்பரத்தையே உன்னால பொறுக்க முடியாது. நீ இருத்தலியல் படிக்கப் போறியாக்கும்!"

சொன்னவர் என் வீட்டுக்காரர். ஸ்பீக்கர் போனில் சிரித்தவள், கோயமுத்தூரில் தத்துவம் படிக்கும் என் மகள்.

"நான் வீட்ல வெச்சுட்டு வந்தது வெறும் அறிமுக நூல்தாம்மா. ஆனா நீ முதல் அத்தியாயத்தையே தாண்ட மாட்டே."

கான்வென்ட்டில் படித்தவளிடமா இந்தப் பேச்சு!

"சாயங்காலம் நீ வந்து எறங்கறதுக்குள்ள முடிச்சுக் காட்டறேன்டி!"

வீட்டில் டிவி அலறியது. மத்தியானத்தில் குன்னூரிலேயே அமைதியான இடம் எங்கள் சர்ச்தான். புத்தகத்தோடு கிளம்பினேன். ஸ்வெட்டரை மறந்தேன்.

படிக்கப் படிக்க அசந்துபோனேன்! இது கடவுள் இல்லை என்பவர்களின் சமாச்சாரம் என்றல்லவா நினைத்திருந்தேன்? அதன் வேரே பக்தியில்தானாம்! கூட்டத்தோடு கூட்டமாகக் கும்பிட்டுப் போவது விசுவாசமில்லையாம். மனுசன் பயத்தோடும் நடுக்கத்தோடும் கடவுள் முன்னால் தனியாக நிற்கணுமாம்.

எங்கள் சிஸ்டர்கள் இதைச் சொல்லித் தரவேயில்லை. வரிசையாக நிற்கத்தான் சொல்லித் தந்தார்கள்.

நடுக்கம் எனக்கும் வந்தது. கதவு வழியாக மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது. பெஞ்சு ஐஸ்கட்டி. உட்கார முடியாமல் முழங்காலில் நின்று, வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தேன். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர்.

பீடத்துக்குப் பூ வைக்க வந்த பிலோமினா அக்கா பதறினார். "என்ன கண்ணு ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. கடைசியில மனுசன் தனியாத்தான் நிக்கணும்," என்றேன் பெருமையாக.

அக்கா என் தலையைத் தடவிவிட்டு ஓட்டமாக ஓடினார். தத்துவத்துக்கு என்ன மரியாதை!

ஒரு அத்தியாயம்தான் பாக்கி. குளிர் தாங்காமல் வீட்டுக்கு வந்தால், வாசல் நிறையச் செருப்பு!

உள்ளே எங்கள் அன்பியமே உட்கார்ந்திருந்தது. அன்பியம் என்றால் எங்கள் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள். ஒரு வீட்டில் கஷ்டமென்றால் கூப்பிடாமலே ஜெபிக்க வந்துவிடுவார்கள். டிவி அணைந்திருந்தது. சோபா நடுவில் என் வீட்டுக்காரர், பேயறைந்த மாதிரி.

"ஏனுங்க தம்பி, ஒரு பொம்பளைய இப்படிக் கோவில்ல போயி அழ வெக்கலாமுங்களா?" என்று பிலோமினா அக்கா அவரைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஒண்ணுமே பண்ணலீங்கக்கா! உன்னால படிக்க முடியாதுன்னுதான் சொன்னேன்!"

"அது வேற சொன்னீங்களா!"

நான் பாய்ந்தேன். "அக்கா, அவர் மேல தப்பில்ல! பயம், நடுக்கம் எல்லாம் தத்துவம்!"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியும் கண்ணு. எங்க ஊட்டுக்காரர விட்டுக்குடுக்காம நானும் இப்படித்தான் எதையாவது சொல்லிச் சமாளிப்பேன்."

அந்த நேரம் பார்த்து மகள் பையோடு வந்து நின்றாள். "முடிச்சியாம்மா?"

பதில் சொல்வதற்குள் அவள் கையிலும் ஒரு ஜெபமாலையைத் திணித்து, என் பக்கத்தில் மண்டியிட வைத்துவிட்டார்கள்.

புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன். "ஏனுங்க, ஒரே ஒரு அத்தியாயம்தான் பாக்கி. என்னைக் கொஞ்ச நேரம் தனியா விடுங்களேன்!"

பிலோமினா அக்கா கண்ணை மூடி ஜெபமாலையின் அடுத்த பத்து மணி ஜெபத்தை ஆரம்பித்தார். மொத்தக் கூட்டமும் சேர்ந்து சொன்னது. என் வீட்டுக்காரர் எல்லோரையும்விடச் சத்தமாக.