வீரையன் வயலில் ஓவர்கரண்ட்

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி மறுபடியும் கத்தியது. திரையில் சிவப்பாக ‘ஓவர்கரண்ட்’ என்று காட்டிவிட்டு மோட்டாரை நிறுத்திக்கொண்டது.

“அதுக்கு என்னதான் வேணுமாம், பாய்?” என்றார் வீரையன்.

கீழ்வேளூர் மெக்கானிக் சேக் தாவூது, துக்கம் விசாரிக்க வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டார். “மோட்டார் அளவுக்கு மேல கரண்ட் இழுக்குதுண்ணே. எரிஞ்சுபோயிடக் கூடாதுன்னு பெட்டி நிறுத்திடுது.”

ஐப்பசி மழை வயலில் தேங்கி நின்றது. பொழுது சாய்வதற்குள் வடியாவிட்டால் சம்பாப் பயிர் அழுகிவிடும். அதுவோ வீரையனின் அப்பா கொடி பிடித்து, உதை வாங்கி, சிறைக்குப் போய்ப் பெற்ற பட்டா நிலம். மேற்கே மிராசு சாமிதுரையின் வயல். நடுவில் கிடந்த துண்டு நிலத்துக்கு இரு வீட்டாருக்கும் வழக்கு. கழகங்கள் மாறி மாறி ஆண்டன. வழக்கு மட்டும் மாறவில்லை. அந்தத் துண்டில் ஆடு மேயலாம், கொக்கு நிற்கலாம், இரு வீட்டு ஆட்களும் கால் வைக்கக் கூடாது என்று கோர்ட் தடை. வயல் தண்ணீரை மோட்டார் தள்ளிவிடும் வடிகுழாய் அதற்கு அடியில்தான் போனது.

“மறுமுனை அடைச்சிருக்கான்னு பாத்துட்டு வந்துடவா?”

“ஐயோ, வேணாம் பாய்! நம்ம ஆளு கால் வச்சான்னு கேசு தோத்துப்போயிடும். மறுமுனை வடிகால்லதான் விழுது. அப்பாவே சொல்லியிருக்காரு.”

தாவூது மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மட்டும் ஓட்டினார். சாதுவாக ஓடியது. மோட்டாரைச் சோதித்தார்; குற்றம் குறை இல்லை. மறுபடி மாட்டி, வேகம் நிதானமாக ஏறும்படி வைத்தார். கொஞ்சம் ஓடி நின்றது. நின்றதும் குழாய்த் தண்ணீர் குபுகுபுவென்று வயலுக்கே திரும்பியது. மோட்டாரின் தண்டு தானாகவே பின்னோக்கிச் சுற்றியது!

“நீங்க வர்றப்ப கணுக்கால் தண்ணிதான் இருந்துச்சு, பாய்,” என்றாள் வீரையன் மனைவி அம்சம். “இப்ப முதலை விடலாம்.”

தாவூதுக்கு ரோஷம் வந்தது. “எதிர்த்தா சுத்துற? இரு!” என்று வேகத்தை உச்சிக்கு ஏற்றினார். கரண்ட் வரம்பையும் உயர்த்தினார். மோட்டார் பிளிறிய பிளிறலில் திருத்துறைப்பூண்டி மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. தண்ணீர் இறங்கியது. பயிரின் நுனி தெரிந்தது. வீரையன் ஈரக் கண்ணோடு கைகூப்பினார்.

மேற்கிலிருந்தும் ஒரு பிளிறல் கேட்டது. பெட்டி படாரென்று அணைந்தது. திரும்பிவந்த வெள்ளத்தில் நுனியும் முங்கியது.

தடை நிலத்துக்கு அப்பால், சாமிதுரை வீட்டு வேலைக்காரி நீலாம்பாள் குடையோடு ஓடிவந்து நின்று கத்தினாள்:

“மோட்டார்காரரே! அங்க முடிச்சிட்டு எங்க பக்கமும் வாங்க. இந்தக் குழாயோட இந்த முனையில நாங்களும் ஒரு மோட்டாரை மாட்டி விடியலேர்ந்து தண்ணியைத் தள்ளுறோம், எங்க பெட்டியும் ஓவர்கரண்ட்டுன்னே சொல்லுது!”