மைக்குளம் தாண்டிய படலம்

வாழ்க அவன் வலக்கைக் கட்டைவிரல்! வானளாவும் மாடங்களின் இருட்குழிகளுள் இரும்புவடம் பற்றி இறங்குபவனும், இரு மாடிகளுக்கு நடுவே சிக்குண்டு அலறுவோரை அஞ்சேல் எனத் தேற்றி மீட்பவனும், ஊராரையெல்லாம் உயர ஏற்றிவிட்டுத் தான் மட்டும் தரைத்தளத்திலேயே நின்றுவிட்டவனுமாகிய லிஃப்ட் மெக்கானிக், தன் விடுமுறை நாளொன்றில், சாயம்போன பனியனே கவசமாக, சோபாவின் பள்ளம் விழுந்த மூலையே தேர்த்தட்டாக வீற்றிருந்து, டிவி திரையில் ஒரு சாண் அகலமே இருந்த மைக்குளத்தைத் தாண்டப் புறப்பட்ட வரலாற்றைப் பாடப்போகிறோம். தொண்டையைச் செருமியாயிற்று. தொடங்கலாம்.

களத்தை முதலில் காண்க. அந்த வீடியோ கேமின் பெயர் 'ஏடுதின்னி'. அதில் நாயகன் வாளேந்திய வேந்தன் அல்லன். புத்தகத்தை அரிக்கும் ஒரு வெள்ளிப்பூச்சி. கரைகாணாத நூலகம் ஒன்றின் அடித்தட்டில் பிறந்து, நூல்தோறும் புகுந்து புறப்பட்டு, தட்டுக்குத் தட்டு தாவி, உச்சித்தட்டில் எரியும் விளக்கை அடைவதே அதன் பிறவிப்பயன். ஏட்டைத் தின்றால் ஆற்றல் பெருகும். தின்ற ஏடு திரும்ப வராது. அதிலிருந்த கதையும் போனது போனதுதான்.

இதைச் செய்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். கவிதை நூலுக்குள் நுழைந்தால் படிகள் சந்தம் பிசகாமல் எழுந்து அமிழ்கின்றன. காது உள்ளவன் கரையேறுவான், கண்ணை நம்பியவன் கவிழ்வான். துப்பறியும் நாவலில் தரை எது நிழல் எது என்பது கடைசி அத்தியாயம்வரை விளங்காது. அகராதிக்குள்ளோ சொற்கள் வரிசை தப்பாமல் படிக்கட்டாக அடுக்கியிருக்க, ஏறுகிறவன் அறியாமலே நாலு சொல் கற்றுக்கொள்கிறான். ஏடு புரளும் ஓசை ஒன்றுக்காகவே நல்ல ஹெட்போன் வாங்கலாம்.

குறையும் உண்டு, அதை மூடிமறைக்க நமக்கு யாரும் சம்பளம் தரவில்லை. வரைபடம் கேட்டால் பொருளடக்கத்தை நீட்டுகிறது. அதில் பக்க எண் கிடையாது. எழுத்துகள் எறும்பைவிடச் சிறியவை. தாவி இறங்கிய பூச்சி நின்ற இடத்தில் நில்லாமல், சோப்புத் தண்ணீரில் கால்வைத்ததுபோல் வழுக்குகிறது. எத்தனை பேர் ஆடினாலும் சேமிக்க ஒரே இடம். ஆகவே குடும்பம் முழுக்க ஒரே பூச்சி, ஒரே வயிறு. கொடுமையிலும் கொடுமை யாதெனில், செத்தவுடன் முன்னுரைக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். அங்கே நூலகத்தின் நிறுவனர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அன்பார்ந்த வாசகரே" எனத் தொடங்கி, அச்சகத்தார் முதல் ஆணி அடித்தவர் ஈறாக அனைவருக்கும் நன்றி நவின்று முடிக்கும்வரை பூச்சி நின்றுகொண்டே இருக்கவேண்டும். தாண்டிப்போக ஒரு பட்டன் வைக்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

இனி நாயகனின் இல்லக்கிழத்தியைப் போற்றுவோம். மருந்துக்கடையில் வெண்கோட்டு அணிந்து நிற்பவள். டாக்டர்களின் கையெழுத்தையே தடுமாறாமல் படிப்பவளுக்கு எறும்பெழுத்து எம்மாத்திரம்? மாலைதோறும் அவள் படிப்பாள். அவள் படித்து முடித்த பக்கத்தை அவன் தின்று தாவுவான். இதுவே அந்த இல்லறத்தின் உடன்படிக்கை. சாப்பிடும்போது அவள் கதையைச் சொல்வாள், அவன் "ம்" கொட்டுவான். "நீங்களும் ஒரு பக்கமாவது படிங்களேன், பேசறதுக்கு ஆள் வேணாமா?" என்று அவள் கேட்காத வாரமில்லை. "அதான் நீ சொல்றியே" என்று அவன் நழுவாத வாரமுமில்லை.

அன்று காலை வேலைக்குக் கிளம்புகையில், வாசலில் ஒற்றைச் செருப்போடு நின்று அவள் ஆணையிட்டாள்: "அந்தக் கடிகாரக்கடை கதையில கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி இருக்கு. அதத் தின்னு தொலைச்சுடாதீங்க!" துணி மெஷின் நின்றதும் கோட்டை எடுத்துக் காயப்போடவேண்டும், நாளைக்குப் போட்டுக்கொள்ள வேறு கிடையாது என இரண்டாவதாகவும் ஏதோ சொன்னாள். அது காவியத்தில் வைத்துப் பாடத் தக்கதன்று, விட்டுவிடுகிறோம்.

மூண்டது போர். கருங்கடலின் குட்டிபோல் அலையெறியும் மைக்குளத்தின் விளிம்பில் வெள்ளிப்பூச்சி மீசை துடிக்க நின்றது, பின்வாங்கியது, பாய்ந்தது, பாதி வழியில் பாரம் தாங்காது விழுந்து, கருமையுள் கருமையாய்க் கரைந்தது. "அன்பார்ந்த வாசகரே" என்றார் நிறுவனர். மீண்டும் பாய்ந்தது; எதிர்க்கரையைத் தொட்டது; தொட்ட மகிழ்ச்சியில் வழுக்கி மறுபக்கக் குழியில் வீழ்ந்தது. "அன்பார்ந்த வாசகரே." கட்டைவிரல் சிவந்து, கழுத்து ஒருபக்கம் சாய்ந்து, பூச்சி தாவும்போதெல்லாம் தானும் சோபாவில் ஓர் அங்குலம் எம்பி, நண்பகல் கடந்தும் நாயகன் பொருதான். அவ்வேளை வீட்டின் பின்கட்டிலிருந்து ஒரு சங்கம் முழங்கிற்று. நல்ல சகுனம் என்று அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மச்சினனின் செய்தி போனில் மின்னியது அப்போதுதான். அவன் போன ஞாயிற்றுக்கிழமையே உச்சித்தட்டை எட்டி, விளக்கடியில் தன் பூச்சி நிற்கும் படத்தை உறவினர் அனைவருக்கும் அனுப்பிய உத்தமன். "இன்னும் அந்தக் குளத்துலயேதான் குளிச்சுட்டிருக்கீங்களா மாமா?" என்று கேட்டிருந்தான். நாயகன் எழுந்தான். வெற்றுச் சுவர்கள் நடுங்க வஞ்சினம் உரைத்தான்: "இன்னொரு தடவ அந்தாளு வாசகரேன்னு சொன்னா, இந்த டிவி இருக்காது!" அடுத்த நிமிடமே விழுந்து, முன்னுரை முழுவதையும் மரியாதையாகக் கேட்டான்.

அவனுக்கு வேண்டியது இரட்டைத்தாவல். அதற்கு வேண்டியது இன்னும் ஓர் ஏடு. அந்தத் தட்டிலிருந்த ஏடெல்லாம் அவன் வயிற்றில். மிஞ்சியது ஒன்றே ஒன்று, கடிகாரக்கடைக் கதையின் கடைசிப் பக்கம். பூச்சி அதன் ஓரத்தில் போய் நின்றது. 'தின்' என்ற பட்டன் ஒளிர்ந்தது. கட்டைவிரல் அதன்மேல் வந்து அமர்ந்தது. மனைவி ஒருபக்கம், மச்சினன் ஒருபக்கம். இரு பெரும் படைக்கு நடுவே அகப்பட்ட சிற்றூர்போல் அவன் நெஞ்சு தவித்தது.

அங்கே அவனைத் தடுத்தது அறமன்று, தொழில் பழக்கம். லிஃப்டில் எதைக் கழற்றுவதானாலும், அது எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பாராமல் அவன் கழற்றியதில்லை. ஆகவே தேர்த்தட்டினின்றும் இறங்கி, டிவிக்கு மூக்கு முட்டும் தூரத்தில் மண்டியிட்டு, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தான். கடிகாரம் பழுது பார்ப்பவனிடம் மாதாமாதம் ஒருத்தி ஒரே கைக்கடிகாரத்தைக் கொண்டுவருவாள், அவனும் சரிசெய்து கொடுப்பான். இவ்வளவும் "ம்" கொட்டியபோதே அவன் காதில் விழுந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் அவள், கடிகாரம் ஒருநாளும் கெடவில்லை, நான்தான் நிறுத்தி நிறுத்திக் கொண்டுவந்தேன் என்று சொல்லிவிடுகிறாள். தெரியும், முதல் மாதமே தெரியும் என்கிறான் அவன். எத்தனையோ முறை அவசரமென்று அழைக்கப்பட்டுப் போய், பழுதே இல்லாத லிஃப்டைப் பார்த்து எரிந்து விழுந்த மெக்கானிக்கின் கண்கள் ஏனோ கலங்கின. கட்டைவிரல் பட்டனைவிட்டு விலகியது. பின்கட்டில் சங்கம் மறுபடி முழங்க, அதை விண்ணோர் வாழ்த்தெனக் கொண்டான்.

பொழுது சாய மனைவி வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. "தின்னுட்டீங்களா?"

"இல்ல. படிச்சேன்."

"நிஜமாவா? என்ன ஆச்சு, சொல்லுங்க."

சொன்னான். அவள் சொல்லி அவன் கேட்ட வீட்டில், அன்று அவன் சொல்ல அவள் கேட்டாள். அந்தக் கடிகாரக்காரன் சிரித்தானா, சிரிக்காமலே சொன்னானா என்பதில் இருவருக்கும் சிறு தகராறுகூட வந்தது. "சிரிக்கலன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று அவன் திடுக்கிட்டான்.

"நான் போன வாரமே படிச்சுட்டேன். நீங்க படிக்கணும்னுதான் தின்ன விடாம வெச்சிருந்தேன்."

இவ்வாறு உரைத்த அவள், சோபாவின் கைப்பிடியில் அமர்ந்து, ஆயுதத்தை அவன் கையிலிருந்து வாங்கி, காவியங்கண்ட அந்த ஏட்டை ஒரே கடியில் தின்று, இரட்டைத்தாவலால் மைக்குளத்தை முதல் முயற்சியிலேயே கடந்து, வழுக்கவும் வழுக்காமல் நின்றாள். மலர்மாரி பொழிந்திருக்கும், மேலே கூரை இருந்தது. நாயகன் இரு கையும் தூக்கி ஆர்ப்பரித்தான், அவளும் சிரித்தாள், வென்றவர் தோற்றவர் என்ற பேதமற்ற அப்பேரானந்தப் பொழுதில், பின்கட்டிலிருந்து சங்கம் மூன்றாம் முறையாக முழங்கியது. அவள் சிரிப்பு நின்றது.

கோட்டு மெஷினுக்குள்ளேயே ஈரமாகக் கிடந்தது.