பத்தாம் திருத்தம்

“டோரதி, பூஜ்யம் எங்கம்மா?”

ஸ்டோர் கிளார்க் இக்னேஷியஸ் கடித நகலை நீட்டினார்.

“எந்த பூஜ்யம் சார்?”

“2.10னு எழுதிக் குடுத்தேன். 2.1னு டைப் அடிச்சிக்கீறியே!”

“ரெண்டும் ஒண்ணுதானே சார்? புள்ளிக்கு அப்பால கடைசி பூஜ்யத்துக்கு மதிப்பு கெடயாதுன்னு இஸ்கூல்ல சொன்னாங்களே.”

எண்ணூர் தொழிற்சாலையின் இரண்டு பாய்லர் பம்புகளில் ஒன்று நின்று பதினைந்து நாள். இரவு ஷிப்டு அறுபது பேரும் வேலையில்லாமல் வாசலில் காத்துக் கிடந்தார்கள். நின்ற பம்பின் பித்தளைத் தகட்டில் 0210 என்றிருந்தது. முதல் இரண்டு இலக்கம் மாடல், அடுத்த இரண்டும் அதில் செய்த திருத்தம்; கடிதத்தில் சுருக்கமாக 2.10. பம்புக்குள் சுழலும் சக்கரம் பத்தாம் திருத்தத்துக்கானது வேண்டியிருக்க, பம்பாயிலிருந்து வந்திறங்கிய பெட்டியின்மேல் 0201 என்றிருந்தது. முதல் திருத்தம்.

மானேஜருக்குத் தெரிந்தால் டோரதிக்கு வேலை போய்விடும். அவள் சம்பளத்தில்தான் ராயபுரத்தில் ஐந்து பேர் சாப்பிட்டார்கள். இக்னேஷியஸ் பெட்டியைப் பிரிக்காமலே வந்த லாரியில் திருப்பி அனுப்பினார். கையோடு, ‘இரண்டு பத்து அனுப்பவும்’ என்று தந்தி கொடுத்தார்.

ஆறாம் நாள் பத்துச் சக்கரங்கள் வந்தன. எல்லாம் இரண்டாம் மாடல். ஒரு திருத்தமும் இல்லாதவை.

மானேஜர் சிரிக்கவில்லை. “வாசல்ல நிக்கறவங்களுக்கு நீங்களே போய்ச் சொல்லுங்க.”

சொன்னார்.

“வூட்ல அடுப்பு எரிஞ்சு நாலு நாளாவுது நைனா,” என்றான் ஒருவன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இக்னேஷியஸ் டிரங்க் கால் போட்டு ஒவ்வோர் இலக்கமாகக் கத்தினார். 0210 வந்தேவிட்டது. பம்புக்குள் இறங்கத்தான் மறுத்தது.

“புதுசுல்லா, முரண்டு பண்ணுது. ரெண்டு தட்டு தட்டினா ஒக்காந்துரும்,” என்றார் ஃபிட்டர் முப்பிடாதி.

மூன்றாவது தட்டில் பம்பின் கூடு மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டது. இனிப் புதுப் பம்புதான். சீமையிலிருந்து வர ஒரு வருஷம். அன்று மாலையே அறுபது பேரையும் வேலையிலிருந்து நீக்கி நோட்டீஸ் ஒட்டினார்கள். அதை ஒரு பிழைகூட இல்லாமல் டைப் அடித்துக் கொடுத்தவள் டோரதி.

இக்னேஷியஸ் பம்பின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெயிண்டர் செல்வம் வந்து விரிசலை எட்டிப் பார்த்தான், அடுத்த பம்பையும் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

“போன மாசம் பெயிண்டு அடிக்கசொல்லோ ரெண்டு தகட்டையும் கயட்டினேன், மாத்தி மாட்டிட்டேன் போலகீது சார்... ஒடஞ்சதுதான் 0201.”