முழங்காலளவு வாழை

பத்திரிகையில் வேலை செய்தவன் வானிலைக் குறிப்பை எளிதில் நம்பமாட்டான். யாழ்ப்பாணத்தில் நான் உதவி ஆசிரியராக இருந்தபோது, கொழும்பிலிருந்து அறிக்கை வராத நாட்களில் அதை எழுதியது நான்தான். ‘சில இடங்களில் மழை பெய்யக்கூடும்’ என்று போடுவேன். (எங்கேயாவது பெய்துதானே ஆகவேண்டும். ஒருவரும் மறுப்பு எழுதியதில்லை.)

அந்தத் தலைக்கனத்தோடுதான் ஜெர்மனியின் வடகடல் கரையில் வாழை வளர்க்கப் போனேன்.

ஊருக்கு வெளியே, கடலணைக்கு இந்தப் பக்கம், வாடகைக்கு எடுத்த சிறு துண்டு நிலம். அணையின் மேல் செம்மறிகள் மேயும். காலையில் கடலிலிருந்து பனிமூட்டமாய்ப் புகார் இறங்கும்போது முதலில் ஆடுகள் மறையும், பிறகு அணை மறையும், கடைசியில் நானும் என் இரண்டு வாழைகளும் மட்டும் உலகத்தில் மிஞ்சியிருப்போம். ஜப்பான் வாழை. தின்னப் பழம் தராது, குளிரை ஓரளவு தாங்கும். வைக்கோல் சுற்றித் துணி போர்த்திக் கட்டிவிட்டால், மாரிக் குளிர்காலம் முழுவதும் இரண்டு பருத்த துறவிகளைப் போல நின்றபடியே தூங்கும்.

அந்த ஆண்டு ஜூன் தொடக்கத்தில் டோர்ட்மண்டில் அக்காவின் மகளுக்குக் கல்யாணம். அக்காவின் சொந்தக் கல்யாணம், நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதிகள் விடுதியில் நடந்தது. வாழைமரம் கிடைக்கவில்லை. நான் பெட்டி அட்டையில் பச்சை மார்க்கரால் இரண்டு வாழை கீறி, கதவின் இரு பக்கமும் ஒட்டினேன். ஆல்பத்தில் அந்தப் படம் வரும் இடத்தில் அக்கா இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிடுவாள்.

“பிள்ளையின்ரை கலியாணத்துக்கு உண்மையான வாழை நிக்கவேணும், தம்பி,” என்று அவள் தொலைபேசியில் சொன்னாள். “ஏலாதெண்டால் இப்பவே சொல்லு.”

“ஏலும் அக்கா. தலைக்கு மேல நிக்கும்.”

சித்திரை வருடப்பிறப்பன்று வெயில் எறித்தது. பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்த்துக் கட்டை அவிழ்க்கப் போனேன். என் மனைவி றீற்றா மன்னார்க் கத்தோலிக்கப் பெண். இங்குள்ள தோட்டக்காரர்கள், மே நடுவில் வரும் சில புனிதர்களின் நாட்கள் கழியும்வரை குளிர் தாங்காத எதையும் வெளியே விடமாட்டார்கள். அந்த வரிசையில் கடைசியாக வருபவர் ‘குளிர் சோஃபி’. றீற்றா அவர்கள் கட்சி.

“சோஃபி போகட்டும். பிறகு அவிழ்ப்பம்.”

“அது உள்நாட்டுக் கதை. கடல் அடுப்பு மாதிரி, றீற்றா. கரையிலை உறைபனி வராது.”

“உங்கடை பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்துக்குக் கணிச்சது. சோஃபி இந்த ஊர்க்காரி.”

அவிழ்த்தேன். தண்டுகளுக்குச் சந்தனப் பொட்டும் வைத்தேன். இரண்டு கிழமைக்குள் குருத்து விரிந்தது. தினமும் அதன் கீழே கதிரை போட்டு அமர்ந்து, டோர்ட்மண்ட் மண்டபத்தின் வாசலைக் கனவில் கண்டேன். விருந்தினர் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் இலையைத் தொட்டு, “உண்மைதான்” என்றார். அக்கா அவற்றின் அருகே நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

மே தொடக்கத்தில் ஒரு மாலை றீற்றா கைபேசியை நீட்டினாள். ‘சில இடங்களில் உறைபனி ஏற்படக்கூடும்.’

எனக்குச் சிரிப்பு வந்தது. அது என் வசனம்.

விடிந்ததும் போனேன். அவ்வளவு அழகான காலையை நான் அதற்கு முன் கண்டதில்லை. புல், வேலி, கதிரை எல்லாம் வெள்ளை. வாழையிலைகள் கண்ணாடியில் வார்த்தவை போல அசையாமல் நின்றன. பிறகு அணைக்கு மேலால் வெயில் வந்து தொட்டது. கண்ணாடி கறுத்து, ஈரத் துணியாய்த் தண்டோடு ஒட்டியது. கடல் அடுப்புத்தான். ஆனால் அடுப்புக்கும் என் நிலத்துக்கும் நடுவே அணை நின்றது. உள்நாட்டுப் பக்கமிருந்து வந்த குளிர் அந்தப் பள்ளத்தில் தண்ணீரைப் போலத் தேங்கியிருந்தது.

மரணச் செய்தியை இரண்டு பேரிடம் உறுதி செய்யாமல் அச்சுக்கு அனுப்பக்கூடாது. பத்திரிகையில் நான் கற்ற முதல் பாடம் அதுதான். அன்று ஒருவரிடமும் கேட்கவில்லை. மரம் அரியும் வாளை எடுத்து இரண்டையும் கணுக்கால் உயரத்தில் அரிந்தேன்.

தேநீர்க் குடுவையோடு வந்த றீற்றா வெட்டிய இடத்தில் விரல் வைத்துப் பார்த்தாள்.

“ஏன் வெட்டினியள்?”

“செத்திட்டுது.”

“ஆர் சொன்னது?”

வெட்டு வாயில் தண்ணீர் துளிர்த்துக்கொண்டிருந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று உயிரோடு இருந்தது. பனி இலைகளை மட்டும்தான் எடுத்திருந்தது. தேநீர் குடித்து முடிவதற்குள், வெட்டிய வட்டத்தின் நடுவிலிருந்து குருத்து நகத்தளவு மேலே வந்து நின்றது. என் வாழ்க்கையில் எனக்கு வந்த முதல் மறுப்பு.

குளிர் சோஃபி வந்து போனார். அன்று பனியே இல்லை.

கல்யாணத்துக்கு இரண்டையும் தொட்டியில் வைத்து, பின் இருக்கையில் பெல்ட் போட்டுக் கொண்டுபோனோம். வாசலின் இரு பக்கமும் நிறுத்தினேன். முழங்காலளவு.

படம் எடுப்பவர் பணிவாகக் கேட்டார்: “அண்ணை, இந்தப் பூச்சாடியளை ஒருக்காத் தள்ளி வைக்கேலுமோ?”

அக்கா பட்டுச் சேலையில் வந்தாள். வழி முழுவதும் நான் மன்னிப்பு வசனம் ஒன்றைத் திருத்தித் திருத்தி வைத்திருந்தேன். அவள் குனிந்து ஒரு இலையைத் தொட்டாள்.

“நீ அண்டைக்குக் கீறினது இதைவிட உயரமடா.”

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்தேன். சிரிப்பு. ஒளித்து வைத்த அந்தப் படத்தின் கதையை, மாப்பிள்ளை வீட்டார் கேட்க, அவளே முதன்முறையாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, சோடாப் பெட்டி அட்டையும் பச்சை மார்க்கரும் கொண்டுவரச் சொன்னாள்.

பட்டு வேட்டியோடு மண்டபத் தரையில் முழந்தாளிட்டு நான் வாழை கீறினேன். (இந்த முறை குலையும் வைத்தேன். அனுபவம்.) மகளின் ஆல்பத்தின் முதற்பக்கத்தில் அவைதான் நிற்கின்றன. எதிர்ப்பக்கத்தில் அக்கா தன் பழைய படத்தை ஒட்டியிருக்கிறாள்.

இப்போது ஒவ்வொரு ஆண்டும் சோஃபி போன பிறகே கட்டை அவிழ்க்கிறேன். வாழைகள் தலைக்கு மேலே வளர்ந்துவிட்டன. ஆனால் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்கும் ஒருவரும் அவற்றைக் கேட்பதில்லை. அழைப்பிதழை நீட்டிவிட்டு ஒன்றுதான் சொல்கிறார்கள்: “வரேக்கை பச்சை மார்க்கரைக் கொண்டு வாங்கோ.”