முதுகைக் காட்டி வாங்கிய மீன்

ஆமாம், மீன்தான்.

மரியாதைக்குரிய லி-ஹுவா பெரியம்மாவுக்கு, யீ-ஜுன் வணங்கி எழுதுவது. மூட்டுவலி தேவலையா? இங்கே சியாயி ஊரில் அம்மா இல்லாததைத் தவிர எல்லாரும் நலம்.

அடக்கத்தன்று எல்லார் முன்னாலும் கேட்டீர்கள், "என் தங்கச்சிக்கு என்னடி குடுத்தே?" முதல் வரி அதற்குப் பதில்.

அம்மா அறுவை சிகிச்சையில் பிழைத்தால் ஆயுசுக்கும் மீன், இறைச்சி தொடமாட்டாள் என்று கோயிலில் கருணைத் தெய்வம் குவான்யின் தாயாரிடம் வேண்டிக்கொண்டது நீங்கள். நாக்கு அம்மாவுடையது. பிழைத்தாள். மீனுக்குப் பதில் சோயாக் கட்டி, டோஃபுவாகத் தின்றாள். நோய் திரும்பி வந்தது. டாக்டர், "இனிமே கேட்டதைக் குடுங்க" என்றார். அம்மா கேட்டது இஞ்சி போட்ட கொடுவா மீன் சூப்.

நான் கல்லூரி நாளிலிருந்து சைவம். யாரும் வேண்டிக்கொள்ளாமலே. கொல்வதைப் பார்க்காமல், கேட்காமல், நமக்காகக் கொன்றது என்ற சந்தேகமும் இல்லாமல் இருந்தால் பாவம் குறைவு என்று நீங்கள்தானே சொல்வீர்கள். அதை நம்பிச் சந்தைக்குப் போனேன். மீன்கார அக்காவிடம் செத்த மீன் கேட்டேன்.

"செத்த மீனா? நோயாளிக்கா? என் கடையில வந்து என்ன பேச்சு பேசுற!"

"அப்ப, தானா சாகப்போற மீன் ஏதாச்சும்..."

"தொட்டியில இருக்கிற எல்லாமே சாகப்போறதுதான் கண்ணு. மத்தியானத்துக்குள்ள."

பார்க்காமல், கேட்காமல், சந்தேகமில்லாமல் என்ற உங்கள் விதியைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டார்.

"இவ்வளவுதானா? முட்டைக்கோஸ் கடையைப் பாத்துத் திரும்பி நில்லு. காதைப் பொத்திக்க. இது என் புருஷனுக்கு அடிக்கிற மீன். அந்தாளு வேணாம்பாரு, உனக்கு வித்துடறேன். போதுமா?"

திரும்பி நின்றேன். முட்டைக்கோஸ் நன்றாக இருந்தது. உள்ளங்கை வழியாகவும் கேட்கும் என்று தெரியாது. ஒரே அடி என்று நினைத்திருந்தேன். மூன்று.

"எங்காளு மாதிரியே இதுக்கும் மண்டை கெட்டி" என்றார் அக்கா.

ஆஸ்பத்திரியில் மூடியைத் திறந்ததும் அம்மா மோந்து பார்த்தாள்.

"என்னடி இது?"

"டோஃபும்மா."

"முள்ளு தெரியுதே."

"புது மாதிரி டோஃபு."

சிரித்தாள். "உங்க பெரியம்மாகிட்ட சொல்லித் தொலைச்சிடாதே. பாவம், அவ்வளவு வேண்டிக்கிட்டா."

இரண்டு கரண்டி குடித்தாள். ருசித்துக் குடித்தாள். மறுநாள் போய்விட்டாள். வேண்டுதலை முறித்ததால்தான் போனாள் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். அந்தப் பழி என்னிடமே இருக்கட்டும்.

தாயார் உங்களுக்கு நீண்ட ஆயுளும் நல்ல முழங்காலும் தரட்டும்.

தலைவணங்கும்,
யீ-ஜுன்

பி.கு.: இரண்டு கரண்டி என்றது பொய். அம்மாவால் விழுங்க முடியவில்லை. உதட்டில் பட்டதைத் துடைத்துவிட்டேன். உங்கள் வேண்டுதலுக்கு ஒரு குறையும் இல்லை பெரியம்மா. அதைக் காப்பாற்றிக்கொண்டேதான் செத்தாள். அவள் குடித்தாள் என்று ஒருவராவது நம்பட்டும் என்று எழுதினேன். எழுதி முடித்ததும் அந்தப் பொய்யையும் அப்படியே விட்டுவைக்க முடியவில்லை.

அந்த மீன் வீணாகக் கூடாது என்று தோன்றியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, முள்ளைத் துப்பித் துப்பி, முழுவதையும் நானே சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. பிறகு பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன்.