கடகட சத்தத்துக்கு ஆதாரம்

"சார்ஜ் ஏறுது. வேற ஒண்ணும் ஏறல," என்றாள் மனைவி.

வாட்ச்காரர் கேபிளைப் பிடுங்கி, அதன் வாயில் ஒரு ஊது ஊதி, மறுபடியும் கம்ப்யூட்டரில் செருகினார். ஃபோன் ஈனக்குரலில் 'டிங்' என்றது. கம்ப்யூட்டர் வாயே திறக்கவில்லை.

கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் செய்கிறவர் அவர். வாட்சைக் காதில் வைத்தே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட காதுக்குத்தான் இப்போது சோதனை. வீட்டு வாஷிங் மெஷின் ஓடும்போது கடகடவென்று ஒரு சத்தம். அதுவும் காலையில், கட்டடத்துக்கே தண்ணீர் விடுகிற அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும். அந்த நேரம் மனைவி ஆஸ்பத்திரி டியூட்டியில் இருப்பாள். சர்வீஸ்காரர் வந்ததோ இரண்டு முறையும் மதியத்தில். பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீரை ஊற்றி ஓட்டிக் காட்டினால், மெஷின் சமர்த்துப் பிள்ளையாகச் சத்தமில்லாமல் சுற்றியது.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல சார்," என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"காதைத்தான் சர்வீசுக்கு விடணும்," என்றாள் மனைவி.

இன்றோடு வாரண்டி முடிகிறது. சர்வீஸ்காரர் கடைசி முறையாக இன்னும் சிறிது நேரத்தில் வருவார். சத்தத்தை நிரூபித்தால் புது மெஷின். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் இந்தக் காதுக்கு மரியாதை கிடையாது. அதனால்தான் இன்று காலை மெஷின் கடகடத்தபோது ஓடிப்போய் ஃபோனில் வீடியோ எடுத்தார். எடுத்த சந்தோஷத்தில் ஃபோன் நழுவி பக்கெட்டுக்குள் விழுந்தது. உயிர் பிழைத்தது, ஸ்பீக்கர்தான் பிழைக்கவில்லை. வீடியோவில் மெஷின் ஆடுகிறது, சத்தம் கொசு ரீங்காரம் மாதிரி வருகிறது. கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

"ஃபோன்ல ஏதோ கேக்குது பாருங்க."

"அது எப்பவும் ஏதாவது கேக்கும். நான் வேண்டாம்னு அமுக்கிடுவேன்."

"உள்ள விடலாமான்னுதாங்க கேக்குது! வேண்டாம்னா எப்படி விடும்?"

வாட்ச்காரருக்கு ஞானம் பிறந்தது. இனிமேல் எது, என்ன கேட்டாலும் 'சரி' என்று முடிவு செய்தார்.

கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது. சரி என்றார்.

கடைக்கு வருகிற ஒவ்வொரு வாட்சையும் திறப்பதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வைப்பது அவர் வழக்கம். அத்தனையும் படையெடுத்து வந்தன. திரை முழுக்க முள்ளும் சக்கரமுமாக நின்றது. மவுஸ் அசையவில்லை.

"என் டியூட்டி சார்ட் எங்க? பாதியில வெச்சிருந்தேனே!"

"பின்னாடி இருக்கும்மா."

"எதுக்குப் பின்னாடி?"

"வாட்சுக்குப் பின்னாடி," என்றபடி பவர் பட்டனை அமுக்கிப் பிடித்தார். கம்ப்யூட்டர் அணைந்து, மறுபடி எழுந்தது. வாட்ச் எல்லாம் அப்படியே இருந்தது. சார்ட்தான் இல்லை.

"ஒரு வார்டு நர்ஸ் எல்லாரையும் சண்டை வராம உக்கார வெச்ச சார்ட்டுங்க அது!"

"திரும்பப் போட்டுட்டாப் போச்சு."

"நீங்க வந்து ஒரு தடவை போட்டுப் பாருங்க, அப்பத் தெரியும்."

வேறு ஆளாக இருந்தால் இந்த இடத்தில் எழுந்து போயிருப்பார். வாட்ச்காரர் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வாட்சுகளை விலக்கி விலக்கி வீடியோவைக் கண்டுபிடித்தார். அமுக்கினால், திறக்க முடியாது என்றது. வேறு பிளேயர் வேண்டுமா என்றது. சரி. கூடவே இன்னும் சிலது தரட்டுமா என்றது. அதற்கும் சரி. திரையின் மூலையில் மழை நிலவரம் வந்தது, ஒரு சீட்டு விளையாட்டு வந்தது, எழுத்தெல்லாம் புரியாத பாஷைக்கு மாறியது.

"இது எந்த ஊர் பாஷைங்க?"

"மெஷின் சத்தத்துக்குப் பாஷை எதுக்கும்மா?"

வீடியோ ஓடியது. ஆனால் மெஷின் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு ஓடியது. வாட்ச்காரர் யோசிக்கவே இல்லை. மானிட்டரைத் தூக்கிப் படுக்கப் போட்டு, இரண்டு தலையணையை முட்டுக்கொடுத்தார். மெஷின் நிமிர்ந்தது. சத்தத்தைத்தான் காணோம்.

"இதுல ஸ்பீக்கர் என்னிக்கு இருந்துச்சு? நான் இயர்ஃபோன்லதானே கேப்பேன்," என்றாள் மனைவி.

மகள் ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுப்போன பெரிய ஸ்பீக்கர் அலமாரி மேல் இருந்தது. முழங்கால் உயரம். அதை இறக்கி, தூசி தட்டி, ஒயரைச் செருகி, திருகக்கூடியது எல்லாவற்றையும் கடைசிவரை திருகி வைத்தபோது அழைப்பு மணி அடித்தது.

சர்வீஸ்காரர் உள்ளே வந்து தலையணைமேல் படுத்திருந்த மானிட்டரைப் பார்த்தார்.

"சார், மானிட்டர் ரிப்பேர் நான் பாக்கறதில்ல."

"உக்காருங்க. காதை மட்டும் நல்லாத் திறந்து வையுங்க." வாட்ச்காரர் வீடியோவை அமுக்கினார்.

கடகடகடகடகட!

ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. மேஜைமேல் இருந்த தம்ளர் நகர்ந்தது. காதைப் பொத்திக்கொண்ட மனைவி, மெதுவாகக் கையை எடுத்தாள்.

"ஏங்க... நிஜமாவே சத்தம் வருதுங்க!"

சர்வீஸ்காரர் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். இன்னொரு முறை போடச் சொன்னார். இன்னொரு முறையும் வீடு அதிர்ந்தது.

"பேரிங் போச்சு சார். சந்தேகமே வேண்டாம். உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேனே! புது மெஷினுக்கு இப்பவே எழுதிடறேன்." பையைத் திறந்து பேனாவைத் தேடினார்.

"உங்க காதுன்னா காதுதாங்க," என்றாள் மனைவி. சார்ட் போன கோபம்கூட அவள் முகத்தில் இல்லை.

வாட்ச்காரர் கண்ணை மூடிக்கொண்டு, மூன்றாவது முறையாக வீடியோவை ஓடவிட்டு, பாட்டுக் கச்சேரி கேட்பதுபோல் தலையாட்டினார்.

கதவைப் படபடவென்று யாரோ தட்டினார்கள். மனைவி போய்த் திறந்தாள். மேல் வீட்டு அம்மாள் மூச்சிரைக்க நின்றிருந்தாள், கண் கலங்கியிருந்தது.

"எங்க மெஷின் பேரிங் போய்க் காலையில கடகடங்கறது உங்களுக்குத் தொந்தரவா இருந்தா, மேல வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா, இப்படியா ரெக்கார்டு பண்ணித் தெருவுக்கே போட்டுக் காட்டுவீங்க?"