குழல் சர்பஞ்சின் கடைசி அரெஸ்ட்

கைது செய்யும் அதிகாரம் கடுகளவும் இல்லாமல், இந்தத் தேசத்திலேயே அதிகம் பேரைக் கைது செய்தவர் எங்கள் குழல் சர்பஞ்ச்தான். இதை யாரும் மறுக்க முடியாது. மறுத்தால் அவர்களையும் கைது செய்திருப்பார்.

ஆந்திராவில் குடிபாலாவுக்குப் பக்கத்தில், வேலூர் எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்தில் நான் பஞ்சாயத்து செக்ரட்டரியாக இருந்தேன். அவர் அங்கே சர்பஞ்ச், அதாவது ஊராட்சித் தலைவர். அவருடைய நைனா விட்டுப்போன ஒற்றைக்குழல் துப்பாக்கி எந்நேரமும் அவர் தோளில் தொங்கும். அதனால் குழல் சர்பஞ்ச். சொந்தப் பெயரை ஓட்டுச்சீட்டில்தான் பார்க்கலாம். அதிலும் பெயரைப் படிக்காமல் சின்னத்தைப் பார்த்துக் குத்தியவர்கள்தான் ஊரில் அதிகம்.

நான் வேலையில் சேர்ந்த அன்று ஆபீஸ் பெஞ்சில் ஓர் ஆள் உட்கார்ந்து களியும் கோழிக்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சர்பஞ்சின் உறவுக்காரன் போலிருக்கிறது என்று வணக்கம் வைத்தேன். "அக்யூஸ்டு சார் அவன்" என்றார் சர்பஞ்ச் பெருமையாக. ஆடு திருடினானாம். கையில் விலங்கு இல்லை, கதவில் பூட்டும் இல்லை. சாப்பிட்டு முடித்து, கை கழுவி, ஆட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஆட்டைக் கட்டி வைத்திருந்த இடத்தையும் தானாகவே சொல்லிவிட்டுப் போனான். சர்பஞ்ச் வீட்டம்மாவின் கைப்பக்குவம் அப்படி. மற்ற ஊர்களில் களி தின்ன வைத்துவிடுவேன் என்று மிரட்டுவார்கள். இந்த ஊரில் கூலிவேலை கிடைக்காத நாளில் தானாக வந்து, என்னைக் கொஞ்சம் அரெஸ்ட் பண்ணேன் என்று பெஞ்சில் உட்கார்ந்தவர்களே உண்டு.

எனக்குத்தான் இதில் சிக்கல். நாளைக்கு மேலிடத்தில் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவன் நான். ஒரு நாள் அவரை உட்காரவைத்து, சர்பஞ்சின் அதிகாரம் குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, சாக்கடை, குப்பை இவற்றோடு முடிகிறது என்று விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இன்னா சார் நியாயம் இது? லைட்டு போட்றது நானு. அந்த லைட்டு வெளிச்சத்துல ஆட்ட ஓட்டிக்கினு போறவன நான் புடிக்கக் கூடாதா?"

நான் வீட்டுவரி ரசீது எழுதப் போய்விட்டேன்.

பிறகு ஸ்டேஷனுக்குப் புது எஸ்.ஐ. வந்தார். தெலுங்குக்காரர், இளைஞர், மரியாதையானவர். துப்பாக்கி லைசென்ஸை வாங்கிப் படித்துப் பார்த்தார். காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காப்பதற்கு மட்டும் என்று அதில் போட்டிருந்தது. துப்பாக்கி பயிர் வைத்த கொல்லையில்தான் இருக்க வேண்டும், தெருவுக்கு வரக்கூடாது என்று தெலுங்கில் பதமாக எடுத்துச் சொன்னார். "சர்பஞ்ச் காரு, மீரு வேரே, போலீஸ் வேரே" என்று முடித்தார். நீங்கள் வேறு, போலீஸ் வேறு என்பதற்கு நம்மவர் பலமாகத் தலையாட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனால், வாசலைக் காணோம். கொடிக்கம்பத்தை மட்டும் விட்டுவிட்டு, முன்னால் இருந்த இடம் முழுவதையும் உழுது வேர்க்கடலை விதைத்திருந்தார். துப்பாக்கி வழக்கம்போலத் தோளில்.

"இப்ப ஆபீசே கொல்லையில கீது சார். கொல்லையில துப்பாக்கி இருக்கலாம்னு எஸ்.ஐ. காருவே சொல்லிட்டாரு."

கடலை அமோகமாக வந்தது. பிறப்புச் சான்றிதழுக்கு வந்தவர்களெல்லாம் வரப்பில் நடந்து வந்தார்கள். சுதந்திர தினத்தன்று கொடியேற்ற வந்த மண்டல அதிகாரி முழங்கால்வரை செடிக்குள் நின்று சல்யூட் அடித்தார். அந்தப் பக்கம் வந்த எஸ்.ஐ.யும் செடிகளைப் பார்த்து முதலில் சிரித்துவிட்டார். பிறகு முகம் மாறி, இனி தெருவில் துப்பாக்கியைக் கண்டாலோ, அரெஸ்ட் என்று ஒரு சொல் காதில் விழுந்தாலோ லைசென்ஸை ரத்து செய்யச் சித்தூருக்கு எழுதிவிடுவேன் என்றார்.

சர்பஞ்சின் முகம் செத்துவிட்டது. அந்தத் துப்பாக்கி அவருக்கு வெறும் இரும்பு இல்லை. அவருடைய நைனா காலமெல்லாம் அடுத்தவர் கொல்லையில் கூலிக்குக் காவல் கிடந்தவர். கடைசியில் சொந்தமாக ஒரு காணி வாங்கியபோது, அதைக் காக்க வாங்கிய துப்பாக்கி அது. மறுநாளே அதை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வெறுந்தோளோடு வந்தார். பெஞ்ச் காலியானது. நான் ஆசைப்பட்டது அதுதான், ஆனால் ஆபீஸ் எழவு வீடு மாதிரி ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பிள்ளை பிடிக்கிற கும்பல் சுற்றுவதாகப் போனுக்குப் போன் வதந்தி பரவியது. ஒரு மத்தியானம், தலையில் பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுமந்து விற்கிற வடநாட்டுப் பையன் ஒருவன் பஸ் ஸ்டாப்பில் ஒரு குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்துவிட்டான். அவ்வளவுதான். கூட்டம் சூழ்ந்துகொண்டது. நானும் சர்பஞ்சும் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவன் நெற்றியில் ரத்தம். ஆளுக்கொரு தடி. சர்பஞ்ச் தொண்டை கிழியக் கத்தினார், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் எஸ்.ஐ.க்குப் போன் செய்தேன். வர அரைமணி நேரமாகும் என்றார்.

சர்பஞ்ச் வீட்டுப் பக்கம் திரும்பினார். எதற்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது. குறுக்கே போய் நின்றேன். உங்களுக்கு அதிகாரம் இல்லை, லைசென்ஸ் போய்விடும், போலீஸ் வந்துவிடும் என்று கெஞ்சினேன்.

"அவங்க வர்ற வரிக்கும் இவன் இருக்கமாட்டான் சார்" என்றார்.

துப்பாக்கியோடு வந்தார். யாரையும் குறிபார்க்கவில்லை. தோளில் மாட்டியபடியே கூட்டத்துக்குள் நுழைந்து பையனின் தோளில் கை போட்டார். "இவன அரெஸ்ட் பண்ணிட்டேன். இனிமே இவன் மேல வெக்கற கை என் மேல வெக்கற கை."

கூட்டம் வழிவிட்டது. அதில் பாதிப்பேர் ஒரு காலத்தில் அவரிடம் அரெஸ்டாகிச் சாப்பிட்டவர்கள். அவர் அரெஸ்ட் என்றால் விலகி நின்றுதான் அவர்களுக்குப் பழக்கம். பையனைக் கடலைச் செடிகளுக்கு நடுவே கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்தார். வீட்டம்மா சாப்பாடு கொண்டுவந்தார். அவன் சாப்பிடவில்லை, அழுதான். அந்த அம்மா தன் முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எஸ்.ஐ. வந்து பையனைப் பத்திரமாக ஜீப்பில் ஏற்றினார். பிறகு சர்பஞ்சின் முன்னால் வந்து இரண்டு கைகளையும் நீட்டினார். சர்பஞ்ச் துப்பாக்கியைக் கொடுத்தார். மடக்கிப் பார்த்தால் குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. தோட்டா எங்கே என்று கேட்டார் எஸ்.ஐ. அது நைனா காலத்திலேயே தீர்ந்துபோனது என்றார் இவர். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். எஸ்.ஐ. சிரிக்கவில்லை. இன்றைக்கு இந்த சர்பஞ்ச் துப்பாக்கியோடு வந்து ஒருவனைக் காப்பாற்றினார், நாளைக்கு இன்னொரு சர்பஞ்ச் துப்பாக்கியோடு வந்து ஒருவனைச் சுடுவான், இரண்டு பேருக்கும் சட்டம் ஒன்றுதானே என்று என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அவர் சொன்னது சரி என்றுதான் சொல்வேன்.

லைசென்ஸ் ரத்தானது. திரும்பக் கேட்டு ஒரு மனு எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். வருத்தமாக இல்லையா என்று கேட்டேன்.

"இல்லாமயா சார்? ஆனா எங்க நைனா இருந்திருந்தா அவரே எட்த்துக்கினு வந்திருப்பாரு."

பிறகு எனக்குத் திருப்பதிக்கு மாற்றலாகிவிட்டது. போன வருஷம் அவர் மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி, எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. ரேணிகுண்டா ரோட்டில் பஸ்ஸில் போகும்போது வெறுந்தோளோடு யாராவது விறைப்பாக நடந்து போனால் இன்னும் எட்டிப் பார்க்கிறேன். அவராக இருக்க முடியாது என்று தெரிந்துதான் பார்க்கிறேன்.

இங்கே திரும்பின பக்கமெல்லாம் போலீஸ். கோயில் வாசலில், பஸ் ஸ்டாண்டில், தெருமுனையில், எல்லார் கையிலும் தோட்டா போட்ட துப்பாக்கி. ஆனாலும் அதிகாரமும் இல்லாமல் தோட்டாவும் இல்லாமல் ஒரு மனுஷன் காவலிருந்தாரே, அந்த ஊரில் தூங்கிய தூக்கம் எனக்கு இன்னும் இங்கே வரவில்லை.